பழைய ரைபிளுக்குப் புதுக் குழல்: முத்திரை இல்லாமல் வேண்டாம்

நம் நாட்டில் துப்பாக்கியின் கேலிபரை மாற்றும் வேலை இரண்டு இடங்களில் நடக்கிறது. ஒன்று, அரசின் ஆயுத ஆலை. மற்றொன்று, மலையடிவாரத்தில் யாருக்கும் தெரியாமல் இயங்கும் பட்டறை. இரண்டுக்கும் நடுவே, சட்டப்படி, சோதனையோடு, ஒரு பொறுப்பான ஆளின் கையெழுத்தோடு நடக்க வேண்டிய இடம் கிட்டத்தட்டக் காலியாகவே கிடக்கிறது. அந்த இடத்தை அரசு நிரப்ப வேண்டும். இல்லையென்றால், தாத்தா காலத்து வேட்டை ரைபிள்கள் பேரன்களின் கண்ணையும் கையையும் பறிக்கும்.

நான் குடியாத்தத்துக்காரன். ராணுவத்தில் தளவாடங்களைப் பழுதுபார்க்கும் இ.எம்.இ. பிரிவில் ஆர்மரராக இருந்தேன். துப்பாக்கியைப் பிரித்துப்போட்டு, தேய்மானத்தை அளந்து, சரிசெய்து கொடுப்பது என் வேலை. ஓய்வுக்குப் பிறகு சேலத்தில் உரிமம் பெற்ற ஒரு துப்பாக்கிக் கடையில் பழுதுபார்க்கிறேன். வங்கி வாசலில் நிற்கும் முன்னாள் ராணுவத்தினரின் 12 போர் துப்பாக்கிகள், ஏற்காட்டுக் காபித் தோட்டக்காரர்களின் பழைய ரைபிள்கள், பயிர்ப் பாதுகாப்புக்கு உரிமம் வாங்கிய விவசாயிகளின் ஒற்றைக்குழல் துப்பாக்கிகள் எல்லாம் என் மேசைக்கு வரும். அவர்களில் பலர் கேட்பது ஒரே கேள்வி: "இதுக்குத் தோட்டா கிடைக்கல, கிடைக்கிற தோட்டாவுக்கு மாத்தித் தர முடியுமா?"

இந்தக் கேள்வி இப்போது அதிகமாக வருவதற்குக் காரணம் இருக்கிறது. வயலை அழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுட, உரிமம் உள்ளவர்களை நியமிக்கும் அதிகாரத்தை 2022இல் கேரள அரசு உள்ளாட்சி அமைப்புகளுக்குக் கொடுத்தது. தமிழ்நாட்டில், காட்டிலிருந்து தொலைவில் உள்ள வயல்களுக்கு வரும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று 2025இல் சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்டது. இங்கே தனியாருக்கு அந்த அனுமதி இல்லை. ஆனாலும் பரணில் கிடந்த ரைபிளை இறக்கித் துடைத்துப் பார்க்கும் ஆசையை இந்தச் செய்திகள் கிளப்பிவிட்டிருக்கின்றன.

கேலிபர் மாறினால் என்னென்ன மாறுகிறது

குழலின் உள்விட்டத்தைத்தான் பொதுவாகக் கேலிபர் என்கிறோம். .303 என்றால் அங்குலத்தில் 0.303, அதாவது சுமார் 7.7 மி.மீ. அந்தத் துளையை மட்டும் மாற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒற்றைத் தோட்டா ரைபிள் என்றால் இந்த நினைப்பு இன்னும் கூடும். அதில் மாகசின் கிடையாது, தோட்டாவை மேலே தள்ளும் வில் கிடையாது. ஒரு தோட்டாவைக் கையால் வைத்து, மூடி, சுட்டு, காலிக் கூட்டை வெளியே எடுக்க வேண்டும். பாகங்கள் குறைவு என்பதால் மாற்றுவதும் சுலபம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. உலகின் பல இடங்களில் இந்த ரைபிள்கள் கேலிபர் மாற்றத்துக்கு ஆளாகியிருக்கின்றன என்பதும் உண்மை.

ஆனால் தோட்டா மாறும்போது குழல் மட்டும் மாறுவதில்லை. தோட்டா உட்காரும் அறையின் நீளமும் அகலமும் மாறுகின்றன. தோட்டாவின் பின்விளிம்பைப் பிடித்து இழுக்கும் கொக்கி மாற வேண்டும். ஊசி சரியாக நடுவில் குத்த வேண்டும். குழலுக்குள் ஓடும் வரிகளின் முறுக்கு, ரவையின் எடைக்கும் நீளத்துக்கும் பொருந்த வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பின்னால் நின்று அழுத்தத்தைத் தாங்கும் பின்கட்டையும் அதைப் பிடித்திருக்கும் இரும்புச் சட்டமும் புதுத் தோட்டாவின் அழுத்தத்தைத் தாங்க வேண்டும்.

சுடும் நொடியில் பித்தளைக் கூடு விரிந்து, அறையின் சுவரோடு ஒட்டிக்கொண்டு, வாயு பின்னால் வராமல் அடைக்கிறது. அறை ஒரு முடி அளவு ஆழமாகிப் போனாலும் கூடு பின்பக்கம் கிழியலாம். கிழிந்தால் வாயு பாயும் திசையில் சுடுகிறவரின் முகம் இருக்கிறது. இந்தத் தவறை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அளவுமானியால் அளக்க வேண்டும். அதன்பின், வழக்கமான தோட்டாவைவிடக் கூடுதல் அழுத்தம் தரும் சோதனைத் தோட்டாவைச் சுட்டு, மறுபடி அளக்க வேண்டும். தாங்கினால் முத்திரை, இல்லையென்றால் கழிவு. இதற்கு மாற்றாக ஒரு குறுக்கு வழி இதுவரை யாராலும் கண்டுபிடிக்கப்படவில்லை.

ஆள்பவர்கள் செய்த மாற்றங்கள்

கேலிபர் மாற்றம் இந்தியாவுக்குப் புதியதல்ல. அதன் கதையை ஒவ்வொரு ஆர்மரரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஏனென்றால் ஒவ்வொரு மாற்றத்திலும் இரண்டு கேள்விகள் இருந்தன: யாருக்காக மாற்றுகிறோம், இரும்பு தாங்குமா?

1857 எழுச்சிக்குப் பிறகு ஆங்கிலேயர் முதலில் செய்த வேலைகளில் ஒன்று, இந்தியச் சிப்பாய்களின் கையிலிருந்து வரி போட்ட ரைபிளை எடுத்தது. .577 அங்குல என்ஃபீல்டு ரைபிளின் குழலைக் கடைந்து வரிகளை அழித்து, சுமார் .65 அங்குலத்தில் வழவழப்பான துளையாக்கி 1858இல் சிப்பாய்களுக்குக் கொடுத்தார்கள். தொலைவில் குறி தவற வேண்டும் என்பதுதான் நோக்கம். கடைந்ததில் குழலின் சுவர் மெலிந்துபோனது. அதனால் அடுத்த வருடமே தடித்த குழலோடு புது வடிவம் செய்ய வேண்டிவந்தது. அரசு ஆலையே செய்தாலும், இரும்பை மறந்துவிட்டுத் துளையை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு இது சான்று.

அதே என்ஃபீல்டுக்கு 1866இல் இன்னொரு மாற்றம் வந்தது. அமெரிக்கரான ஜேக்கப் ஸ்னைடரின் முறைப்படி, குழலின் பின்பகுதியை வெட்டிப் பக்கவாட்டில் திறக்கும் மூடியைப் பொருத்தினார்கள். வாய்வழி மருந்து கெட்டித்துக்கொண்டிருந்த துப்பாக்கி, பின்னாலிருந்து தோட்டா வைத்துச் சுடும் ரைபிளானது. 1871இல் மார்ட்டினி ஹென்றி வந்தது. கீழே உள்ள நெம்புகோலை இழுத்தால் பின்கட்டை இறங்கும். தோட்டாவை வைத்து நெம்புகோலை ஏற்றினால் மூடிக்கொள்ளும். சுமார் 31 கிராம் எடையுள்ள ஈய ரவையைக் கருமருந்தின் பலத்தில் வினாடிக்கு ஏறத்தாழ 410 மீட்டர் வேகத்தில் அனுப்பியது. 1888இல் .303 வந்த பிறகு, குவிந்து கிடந்த மார்ட்டினிகளை .303க்கு மாற்றினார்கள். அப்போது புதுக் குழல் போட்டார்கள், பின்கட்டையையும் கொக்கியையும் மாற்றினார்கள், சோதித்து முத்திரை குத்தினார்கள்.

இந்திய வீரர்களுக்கு நெடுங்காலம் ஒரு தலைமுறை பழைய ஆயுதம்தான். வெள்ளை வீரர் கையில் மார்ட்டினி இருந்தபோது இந்தியர் கையில் ஸ்னைடர். வெள்ளையருக்கு மாகசின் ரைபிள் வந்தபோது இந்தியருக்கு மார்ட்டினி. காவலர்களுக்கு இன்னும் ஒருபடி கீழே. ஈஷாப்பூர் அரசு ஆயுத ஆலையில் .303 ரைபிள்களை எடுத்து, வரியில்லாத .410 குழலாக்கி, மாகசின் இருந்த பள்ளத்தில் மரக்கட்டையை அடைத்து, ஒற்றைத் தோட்டா மஸ்கட்டாக்கினார்கள். காவல்துறையிலும் சிறைக் காவலிலும் அது சுதந்திரத்துக்குப் பிறகும் நெடுங்காலம் நடமாடியது.

சுதந்திர இந்தியா செய்த ஒரு மாற்றத்தை நான் பெருமையோடு சொல்வேன். 1962 போருக்குப் பிறகு ஈஷாப்பூர் ஆலை, பழைய லீ என்ஃபீல்டு வடிவத்தை 7.62 மி.மீ. தோட்டாவுக்கு மாற்றியமைத்தது. பழைய ரைபிளின் துளையைக் கடைந்து ஒப்பேற்றவில்லை. புதுத் தோட்டாவின் அழுத்தத்துக்கு ஏற்ற வலுவான எஃகில் புதிதாகவே செய்தார்கள். கொக்கி மாறியது, மாகசின் மாறியது. 2ஏ, 2ஏ1 என்ற பெயர்களில் வந்த அந்த ரைபிள்கள் நாடு முழுக்கக் காவலர்கள் கையில் இன்னமும் உழைக்கின்றன. கேலிபர் மாற்றம் என்றால் அது. நம் மண்ணில், நம் தொழிலாளர் கையால் நடந்தது.

ஏற்காட்டிலிருந்து வந்த ரைபிள்

ஒரு காபித் தோட்டத்து இளைஞர் மார்ட்டினி அமைப்புள்ள பழைய வேட்டை ரைபிளை எங்கள் கடைக்குக் கொண்டுவந்தார். உரிமம் தாத்தாவிடமிருந்து அப்பா வழியாக முறைப்படி அவர் பெயருக்கு வந்திருந்தது. வால்நட் மரக்கட்டை எண்ணெய் போட்டுப் பாதுகாக்கப்பட்டிருந்தது. குழலுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். வரிகளின் ஓரமெல்லாம் துருக்குழி.

"அண்ணே, இதோட தோட்டா எங்கயும் இல்ல. கடையில .315தான் கிடைக்குது. அதுக்கே மாத்திக் குடுத்துடுங்க, ஆகற செலவைப் பாத்துக்கலாம்" என்றார்.

"தம்பி, இந்தச் சட்டம் கருமருந்துக் காலத்துது. .315 அதைவிட உக்கிரமான தோட்டா. மாத்தக் கூடாது."

"வெள்ளைக்காரனே மார்ட்டினியை .303ஆ மாத்தினானே அண்ணே?"

கேள்வியில் நியாயம் இருந்தது. "மாத்தினான். குழல் புதுசு, பின்கட்டை புதுசு. மாத்தினதும் சோதனைத் தோட்டா போட்டுச் சுட்டு முத்திரை குத்தினான். இந்த ரைபிளுக்கு அதைச் செய்ய எனக்கு அனுமதியும் இல்ல, சோதிச்சுக் குடுக்க இந்தப் பக்கம் இடமும் இல்ல. நூறு வருஷத்து இரும்பு உள்ள எப்படி இருக்குன்னு என் கண்ணுக்குத் தெரியாது" என்றேன்.

அவர் நல்லவர், புரிந்துகொண்டு எடுத்துப் போனார். ஆனால் அவரை வெறும் "முடியாது" என்ற சொல்லோடு அனுப்பியது எனக்கு உறுத்தியது. முறையான வழி ஒன்றைக் காட்டாமல் ஒருவரை அனுப்பினால், முறையில்லாத வழி அவரைத் தேடி வரும். கடைசல் இயந்திரம் வைத்திருக்கும் எவரும் "நான் செய்து தருகிறேன்" என்று சொல்லிவிடலாம். கடைசல் தெரிவது வேறு, துப்பாக்கி தெரிவது வேறு. ஒரு மயிரிழை வித்தியாசத்தில் வெடிக்காமல் பல தடவை சுட்டுவிடும். அந்த நம்பிக்கை வந்த பிறகுதான் கூடு கிழியும்.

சட்டம் எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்கவில்லை

சட்டம் இதில் தெளிவாகவும் கடுமையாகவும் இருக்கிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆவது பிரிவு, துப்பாக்கியைத் தயாரிப்பதற்கு மட்டுமல்லாமல் மாற்றுவதற்கும் பழுதுபார்ப்பதற்கும் சோதிப்பதற்கும் உரிமம் வேண்டும் என்கிறது. குழலைக் குட்டையாக்குவதையும் போலித் துப்பாக்கியை நிஜமாக்குவதையும் 6ஆவது பிரிவு கட்டுப்படுத்தியது. 2019 திருத்தம் அதோடு, ஒரு வகைத் துப்பாக்கியை இன்னொரு வகையாக மாற்றுவதையும் சேர்த்தது. மீறினால் ஏழு ஆண்டுக்குக் குறையாத சிறை, ஆயுள் வரை போகலாம். ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பது இரண்டாகக் குறைந்ததும் அதே திருத்தத்தில்தான். இந்தக் கடுமையை நான் வரவேற்கிறேன். ஏர் கன்னை நாட்டுத் துப்பாக்கியாக்கியவர் கைது என்ற செய்தியைப் படிக்கும்போதெல்லாம், இந்தப் பிரிவுகள் ஏன் வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

ஆனால் சட்டம் துப்பாக்கியைப் பார்க்கும் கண் இன்னும் பழையது. தடை செய்யப்பட்ட போர் (குழலின் துளை அளவு), தடை செய்யப்படாத போர் என்று இரண்டாகப் பிரிக்கிறது. பிரிப்பதற்கு அளவுகோல், ராணுவமும் காவல்துறையும் பயன்படுத்தும் தோட்டா அந்தக் குழலில் போகுமா என்பது. இந்தப் பார்வை ஆங்கிலேயர் காலத்தது. மார்ட்டினி ரைபிள்களின் தோட்டா கலகக்காரர்கள் கைக்குப் போகிறது என்ற அச்சத்தில் .450 கேலிபரை ஆங்கிலேயர் 1907இல் இந்தியாவில் தடுத்தார்கள். லண்டன் துப்பாக்கி நிறுவனங்கள் உடனே .465, .470 என்று பக்கத்து அளவுகளில் யானைத் துப்பாக்கி செய்து விற்றன. யானைக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது. .303 மக்களுக்குத் தடையானதால், ஆஸ்திரிய ராணுவத்தின் 8 மி.மீ. தோட்டாவுக்கு ஏற்ற .315 ரைபிள் இந்தியாவில் புழக்கத்துக்கு வந்தது. நம் ஆயுத ஆலையும் சுதந்திரத்துக்குப் பிறகு அதையே மக்களுக்கு விற்றது. வலுவில் .303க்கும் .315க்கும் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டும் குழல்வாயில் சுமார் 3,000 ஜூல் ஆற்றலைத் தருபவை. அவற்றைவிட வலுவான .30-06 தடை செய்யப்படாத பட்டியலில் இருக்கிறது.

ராணுவத் தோட்டா வெளியே கசிந்தால் அதைச் சுடும் துப்பாக்கி ஊரில் இருக்கக் கூடாது என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. ராணுவத்தில் தோட்டாவுக்குக் கணக்கு எழுதியவன் நான். அந்த விதி இருக்கட்டும். ஆனால் அது பாதுகாப்பில் பாதிதான். இந்தக் குழல் இந்தத் தோட்டாவைத் தாங்குமா என்பது மறுபாதி. அந்தக் கேள்வியைப் பழைய ரைபிளிடம் யாரும் கேட்பதில்லை. உரிமம் புதுப்பிக்கும்போது எண்ணைச் சரிபார்க்கிறார்கள். தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். குழலுக்குள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பழைமையான ஆயுதத்துக்குச் சட்டத்தின் 45ஆவது பிரிவு விலக்கு தருகிறது, ஆனால் பழுதுபார்த்தாலும் சுட முடியாது என்ற நிலையில் இருந்தால் மட்டும். சுடக்கூடிய, ஆனால் சுடக் கூடாத ரைபிளுக்கு அதில் இடமில்லை. அதன் உரிமையாளர் அதை ஒப்படைத்து உடைக்கக் கொடுக்கலாம், அல்லது வைத்துக்கொண்டு ஆசைப்படலாம்.

மற்ற நாடுகளின் வழி

பிரிட்டனில் குழல் சோதனைக்கென்றே 1868ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. லண்டனிலும் பர்மிங்காமிலும் உள்ள சோதனை நிலையங்கள் நூற்றாண்டுகளைக் கடந்தவை. சோதனைக்குப் பின் குழலை வலுவிழக்கச் செய்யும் எந்த மாற்றம் நடந்தாலும் பழைய முத்திரை செல்லாது. மறுபடி சோதித்து முத்திரை வாங்காமல் விற்கக் கூடாது.

ஆஸ்திரேலியப் பள்ளி மாணவர் படைக்காக இங்கிலாந்தில் செய்த .310 மார்ட்டினி கேடட் என்ற சிறிய ரைபிளின் கதை நம் விவாதத்துக்கு நேராகப் பொருந்துகிறது. படையில் வேலை முடிந்ததும் அவை மக்களிடம் விற்கப்பட்டன. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் தேர்ந்த கைவினைஞர்கள் அவற்றுக்குப் புதுக் குழல் போட்டு .22 ஹார்னெட், .357 போன்ற சிறு தோட்டாக்களுக்கு மாற்றினார்கள். முயல் வேட்டைக்கும் குறிச் சுடுதலுக்கும் அவை இன்றும் மதிக்கப்படுகின்றன.

அமெரிக்காவில் 1967இல் வந்த தாம்சன் சென்டர் கன்டெண்டர் என்ற துப்பாக்கி, ஒரே சட்டத்தில் வேறு வேறு கேலிபர் குழல்களை மாட்டும்படியே வடிவமைக்கப்பட்டது. எச் அண்டு ஆர் நிறுவனத்தின் ஹேண்டி ரைபிளுக்கு வேறு குழல் வேண்டுமென்றால், உரிமையாளர் தன் துப்பாக்கியின் சட்டத்தை ஆலைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. எல்லாச் சட்டமும் எல்லாத் தோட்டாவையும் தாங்காது என்பதால் ஆலையே பார்த்துப் பொருத்தி அனுப்பியது. துப்பாக்கிச் சுதந்திரம் பற்றி ஓயாமல் பேசும் நாட்டில்கூட, அந்த ரைபிளுக்குத் தயாரித்தவரின் கை இல்லாமல் குழல் மாறவில்லை. அமெரிக்காவின் தளர்ந்த சட்டங்களை நான் கேட்கவில்லை. அந்த ஆலையின் ஒழுங்கைக் கேட்கிறேன்.

தவறான குழல், தவறான தோட்டாவின் விலையைச் சுடுகிறவர் மட்டும் கொடுப்பதில்லை. 1907இல் வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் சுட்ட சம்பாவத் புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. அதன் வலப்பக்கக் கோரைப் பற்கள் இரண்டும் பழைய துப்பாக்கிச் சூட்டில் உடைந்திருந்தன என்றும், அதனால்தான் இயற்கையான இரையைப் பிடிக்க முடியாமல் மனிதர்பக்கம் திரும்பியது என்றும் கார்பெட் எழுதினார். யாரோ ஒருவர் சுட்ட ஒரு மோசமான சூடு, அத்தனை உயிர்கள். நம் வயலில் காயத்தோடு ஓடும் பன்றியும் மறுநாள் களையெடுக்க வருகிறவர் மேல் பாயும். சுட வேண்டும் என்று அரசு முடிவு செய்தால், அதைச் சரியான தோட்டாவோடு, சோதித்த குழலோடு, பயிற்சி பெற்ற கை செய்ய வேண்டும். குறைந்த விலைக்கு மாற்றிய ரைபிள் அந்த வேலைக்கு ஆகாது.

அரசு செய்ய வேண்டியவை

வழியைத் திறந்தால் குற்றவாளிகள் நுழைவார்கள் என்று காவல்துறை நண்பர்கள் என்னிடம் சொல்வதுண்டு. குற்றம் செய்ய நினைப்பவர் தன் துப்பாக்கியைச் சோதனை நிலையத்துக்குக் கொண்டுவந்து எண்ணைப் பதியச் சொல்ல மாட்டார். வருகிறவர் உரிமம் உள்ளவர், பெயரும் முகவரியும் ஆட்சியர் அலுவலகத்தில் இருப்பவர். அவரை வெளிச்சத்தில் வைத்திருப்பது காவல்துறைக்குத்தான் லாபம். மலைக்கிராமங்களில் உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைத்தால் வழக்கில்லை என்று காவல்துறை அறிவிக்கும்போது மக்கள் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். தண்டனை பயத்தால் ஒளித்தது, நம்பிக்கை பிறந்ததும் வெளியே வருகிறது. பழைய ரைபிள் விஷயத்திலும் அதே நம்பிக்கை வேண்டும்.

முதலாவதாக, திருச்சியில் 1966 முதல் இயங்கும் படைக்கலன் தொழிற்சாலையில் பழைய துப்பாக்கிகளுக்கான ஆய்வு, சோதனை மையம் ஒன்றைத் திறக்க வேண்டும். இடம் இருக்கிறது, சுடும் சோதனை வசதி இருக்கிறது, துப்பாக்கியைத் தெரிந்த தொழிலாளர்கள் இருக்கிறார்கள். தென் மாநிலங்கள் அனைத்துக்கும் அது பயன்படும். கட்டணம் வாங்கட்டும்.

இரண்டாவதாக, ஒற்றைத் தோட்டா ரைபிளை ஒற்றைத் தோட்டா ரைபிளாகவே, இப்போதிருப்பதைவிட அழுத்தம் குறைந்த தோட்டாவுக்கு மாற்ற மட்டும் அனுமதிக்க வேண்டும். மேலே போக வழியே கூடாது. தடை செய்யப்பட்ட போருக்கு மாற்றவும் கூடாது. உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கி மாற்ற வேண்டும். பழைய கேலிபர், புதுக் கேலிபர், செய்தவர் எண், சோதனை முத்திரை நான்கும் குழலில் பொறிக்கப்பட வேண்டும். ஒவ்வொரு உரிமத்துக்கும் தனி அடையாள எண் தரும் தேசியத் தரவுத்தளம் இருக்கிறது. இந்த நான்கும் அதில் ஏற வேண்டும்.

மூன்றாவதாக, சோதனையில் தோற்கும் ரைபிள்களையும் உரிமையாளர் சுட விரும்பாத ரைபிள்களையும் அரசே செயலிழக்கச் செய்து, சான்றிதழோடு குடும்பத்திடம் திருப்பித் தர வேண்டும். அரிதானவற்றை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கோ கோட்டை அருங்காட்சியகத்துக்கோ தர வேண்டும். 1858இல் கடைந்த குழல் ஒன்று யார் வீட்டுப் பரணிலாவது இருக்குமானால், அது பழைய இரும்புக்குப் போகக் கூடாது.

பழைய ரைபிள் வைத்திருக்கும் குடும்பங்களுக்கும் ஒரு வேண்டுகோள். தோட்டா கிடைக்கவில்லை என்றால் அந்த ரைபிளைச் சுடாதீர்கள். வேறு தோட்டா நுழைகிறது என்பதற்காக அதைப் போட்டுப் பார்க்காதீர்கள். அறைக்குள் நுழைவது வேறு, அறை தாங்குவது வேறு. கடைசல் பட்டறைக்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவர் கையில் கொடுக்காதீர்கள். கொடுத்தால் நீங்களும் அவரும் ஏழு ஆண்டுச் சிறைக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். உரிமத்தைக் காலத்தில் புதுப்பியுங்கள், குழலை எண்ணெய் போட்டு வையுங்கள், உரிமம் பெற்ற கடையில் ஒருமுறை உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். திருச்சியில் சோதனை மையம் வேண்டும் என்று உங்கள் மாவட்ட ஆட்சியருக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் எழுதுங்கள்.